பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பேரத்துக்கு முன் வரி ரசீது

புது தில்லி: இறக்குமதி செய்யப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மும்பையில் விலை பேசுபவர்கள், முதலில் என்ஜினையும் பெயின்ட்டையும் பார்க்கின்றனர். ஆனால், அந்த விலையின் பெரும்பகுதி தில்லியில் நிர்ணயிக்கப்படும் சுங்க வரியாகும். அது முறையாகச் செலுத்தப்பட்டதா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சச்சினின் ஃபெராரி: டெஸ்ட் கிரிக்கெட்டில் டான் பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்த சச்சின் டெண்டுல்கருக்கு, 2002-ல் ஃபியட் நிறுவனம் 'ஃபெராரி 360 மொடேனா' காரை அன்பளிப்பாக வழங்கியது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் அதை ஒப்படைத்தார். காரின் மதிப்பு சுமார் ரூ.75 லட்சம் எனக் கூறப்பட்டது. அதை இந்தியாவுக்குக் கொண்டு வருவதற்கான வரியோ ரூ.1.13 கோடி.

2003-ல் மத்திய அரசு இந்த வரிக்கு விலக்கு அளித்தது. போட்டியில் வென்ற பரிசு வேறு, நிறுவனம் தரும் அன்பளிப்பு வேறு என எதிர்ப்பு எழுந்தது. தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது. இதையடுத்து, ஃபியட் நிறுவனமே வரியை ஏற்க முன்வந்தது. 2011-ல் சூரத் தொழிலதிபர் ஒருவருக்கு அந்தக் கார் விற்கப்பட்டபோது, வரிச் சர்ச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. டெண்டுல்கர் மறு ஆண்டே மாநிலங்களவை நியமன உறுப்பினரானார் என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னை சோதனை: வரி பாக்கி, காரை வாங்கியவர் வீடு வரை வரும் என்பதற்கு 2013 மார்ச் 21 உதாரணம். வரி ஏய்ப்பு செய்து இறக்குமதியானதாகக் கூறப்பட்ட 33 வெளிநாட்டுக் கார்கள் தொடர்பாக, மு.க. ஸ்டாலின் இல்லம் உள்ளிட்ட இடங்களில் சிபிஐ சோதனை நடத்தியது. மத்திய அரசுக்கான ஆதரவை திமுக விலக்கிக் கொண்டு இரண்டு நாள்களே ஆகியிருந்ததால், அது அரசியல் புயலைக் கிளப்பியது. அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கும் நிதியமைச்சர் ப. சிதம்பரமும் அதிருப்தி தெரிவித்தனர்.

என்ன பார்க்க வேண்டும்?: சுங்கத் துறையிடம் தாக்கலான 'பில் ஆஃப் என்ட்ரி', வரி ரசீது, பதிவுச் சான்று, கடன் நிலுவையின்மைச் சான்று ஆகியவற்றைப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். சாலை வரி குறைந்த புதுச்சேரியில் பதிவான காரை மும்பையில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மறுபதிவும் மகாராஷ்டிர சாலை வரியும் கட்டாயம். அந்தத் தொகையை விலையிலிருந்து குறைக்கச் சொல்வது நியாயமே.

குறைவாக ஓடிய கார் என்பது மட்டுமே தகுதியாகாது. ஃபெராரி 360 போன்ற கார்களில், ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டைமிங் பெல்ட்டை மாற்றியாக வேண்டும். அதற்கான பில் இல்லையெனில் அச்செலவு வாங்குபவர் தலையில்தான் விழும். ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்த 2005 ஜூலை 26-ஐக் கண்ட நகரில், தரையோடு தாழ்ந்து செல்லும் இவ்வகைக் கார் வெள்ளத்தில் சிக்கியதா என்பதைக் காப்பீட்டு ஆவணங்களிலும் சரிபார்க்க வேண்டும்.

ஜிஎஸ்டி எவ்வளவு?: மாட்டுங்காவில் இருப்பவர் செம்பூரில் உள்ள தனிநபரிடம் அவரது சொந்தக் காரை நேரடியாக வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. பதிவு பெற்ற டீலர் விற்றால், அவரது லாபத்துக்கு மட்டும் 18 சதவீதம். ரூ.1 கோடிக்கு வாங்கிய காரை ரூ.1.10 கோடிக்கு அவர் விற்றால், வரி ரூ.1.80 லட்சம். ஜெய்சல்மேரில் 2024 டிசம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பழைய கார்கள் அனைத்துக்கும் இந்த ஒரே விகிதத்தைப் பரிந்துரைத்தது.

பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், ஒதுக்கீட்டு அளவுக்குள் வரும் கார்களின் வரியை 100 சதவீதத்துக்கு மேலிருந்து படிப்படியாக 10 சதவீதமாகக் குறைக்க வகை செய்கிறது. புதிய காரின் விலை இறங்கினால், முழு வரி செலுத்தி வந்த பழைய காரின் மதிப்பும் சரியும். இன்று பேரம் பேசுபவர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.