கோட்டை இல்லாத கோட்டைமேடு

போத்தனூரில் எமது மதரஸா மாணவர்களுக்கு ஸ்பெயின் தேசத்து அல்ஹம்ராவைப் பற்றிப் பாடம் சொல்லிக் கொண்டிருந்தேன். கி.பி. 1238இல் முதலாம் முஹம்மது கிரனடாவில் தொடங்கிய கோட்டை. 14ஆம் நூற்றாண்டில் சிறப்புற்ற அரண்மனை. பன்னிரண்டு கற்சிங்கங்கள் தாங்கும் நீரூற்று. சுவரெங்கும் "அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை" என்னும் வாசகம். 1492 ஜனவரி 2இல் கிரனடா வீழ்ந்தது என்று முடித்தேன்.

ஒரு சிறுவன் எழுந்தான். "உஸ்தாத், நம்ம கோட்டைமேட்டில் கோட்டை எங்கே இருக்கிறது?"

வாயடைத்துப் போனேன். கடல் கடந்த கோட்டையை அறிந்தவன், காலடியில் இருந்த கோட்டையை அறியவில்லை!

தேடிப் படித்தேன். கோயம்புத்தூர் அந்நாளில் மைசூர் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1790இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய இக்கோட்டையை, 1791இல் திப்பு சுல்தானின் தளபதி கமருத்தீன் கான் முற்றுகையிட்டு மீட்டார். இன்று அதன் மதில் இல்லை. மேடும் பெயருமே எஞ்சியுள்ளன.

ஆயினும் அவ்வரசின் தலைநகரை இன்றும் காணலாம். ஸ்ரீரங்கப்பட்டணம், காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து சூழ்ந்த தீவு. ஆறே அதன் அகழி. அங்கே 1784இல் எழுந்த தரியா தௌலத் மாளிகை தேக்கு மரத்தாலானது. உயர்ந்த மேடைமீது, நந்தவனத்தின் நடுவே நிற்கிறது. அல்ஹம்ராவைப் போன்றே இங்கும் தோட்டமும் மாளிகையும் ஒன்றையொன்று அழகு செய்கின்றன. உட்சுவர்களிலும் தூண்களிலும் பூவேலைப்பாடு. மேற்குச் சுவரில், காஞ்சிபுரத்துக்கருகே 1780இல் புள்ளலூரில் ஆங்கிலப் படையை வென்ற போர்க்காட்சி தீட்டப்பட்டுள்ளது.

1787இல் கட்டப்பட்ட மஸ்ஜிதே அஃலா இரு மினாராக்களுடன் நிமிர்ந்து நிற்கிறது. தந்தை ஹைதர் அலிக்காகத் திப்பு எழுப்பிய கும்பஸைச் சுற்றிலும் 36 கருங்கல் தூண்கள். அங்கேயே திப்புவும் அடக்கமானார்.

ஆனால் அவர் வாழ்ந்த லால் மஹல் எங்கே? இடித்தொழிக்கப்பட்டது, அடித்தளமே மிஞ்சியது.

அரணாக நின்ற ஆறே இறுதியில் வழிவிட்டது. மழைக்காலம் வந்தால் காவிரி பெருகும் என்பதை எதிரி அறிந்திருந்தான். கோடையில் நீர் வற்றியிருக்க, பீரங்கிகள் வடமேற்கு மதிலைப் பிளந்தன. 1799 மே 4, நண்பகல் கடந்த வேளையில் படைகள் ஆற்றைக் கடந்து புகுந்தன. வாளேந்திப் போரிட்ட நிலையில் திப்பு ஷஹீதானார். அவ்வாண்டே நமது கோவை நாடும் கும்பெனியார் வசமாயிற்று.

அன்புச் சகோதர சகோதரிகளே! கோட்டைகள் வீழ்வது உலக இயல்பு. அல்ஹம்ராவைக் கட்டியவர்கள் தம் சுவரிலேயே அவ்வுண்மையை எழுதி வைத்தார்கள். ஆனால் மதில் வீழ்ந்தபின் நினைவும் வீழ்ந்தால், அப்பழி பகைவரைச் சாராது, நம்மையே சாரும்.

வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரமோ, வக்ஃபு ஏடோ கிடந்தால் கரையானுக்கு இரையாக்காதீர்கள். முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். விடுமுறையில் பிள்ளைகளை ஸ்ரீரங்கப்பட்டணம் அழைத்துச் செல்லுங்கள். புறப்படுமுன் கோட்டைமேட்டில் ஒருமுறை நிறுத்தி, "இங்கேயும் ஒரு கோட்டை இருந்தது" என்று சொல்லுங்கள்.

அச்சிறுவனுக்கு நான் தாமதமாகச் சொன்ன விடையும் அதுவே.