நம் கையால் ஒரு படக்கதை

படக்கதை என்றவுடன் நம்மவர் பலருக்கும் நினைவுக்கு வருவோர் துப்பறியும் வீரர்களும் மாயாவிகளுமே. 1970களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியே தமிழ் பேசிய இரும்புக்கை மாயாவியை மறந்தவர் சிலரே. அம்மாயாவி பிரிட்டனில் பிறந்தவர் என்பதை அறிந்தவர் அதனினும் சிலர். இத்தகைய கதைகளையே படித்துப் பழகிய நமக்கு, பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் நிகழ்பவை படக்கதைக்கு உரியனவல்ல என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் பிழையென்று காட்ட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் கோப்பெங் வரை சென்றால் போதும்.

கோப்பெங் வட்டாரத்துக் கம்பம் ஒன்றில் 1951ஆம் ஆண்டு பிறந்தவர் முகமது நோர் காலிட். 'லாட்' என்னும் பெயரால் நாடறிந்த ஓவியர் இவரே. இவர் மாணவராக இருந்த 1968ஆம் ஆண்டிலேயே 'பெரித்தா மிங்கு' ஞாயிறு இதழில் இவருடைய 'கெலுவார்கா சி மாமாட்' படத்தொடர் வெளிவரத் தொடங்கிற்று. 1979இல் இவர் வெளியிட்ட 'கம்போங் பாய்' நூலில் மாயாவியும் இல்லை, வில்லனும் இல்லை. சிறுவர்கள் ஆற்றில் குளிப்பதும், ஓதப் பழகுவதும், ஈயம் வாரும் இயந்திரக் கப்பலின் அருகே சென்று மணல் அரித்துப் பார்ப்பதுமே கதை. நூல் முடியும் தறுவாயில் அச்சிறுவன் ஈப்போவுக்குப் படிக்கச் செல்கிறான்; ஈயச் சுரங்கமோ கம்பத்து நிலத்தை நெருங்கி வருகிறது. தாம் வளர்ந்த இடத்தை லாட் உரிய நேரத்தில் கோடுகளில் பிடித்து வைத்தார். ஆகவே பிறந்து வளர்ந்த ஊரே அறியாத பிள்ளைகளும் அதனை இன்று கண்முன் காண்கின்றனர்.

நம் தோட்டப்புறங்களின் நிலையும் இதுவன்றோ? ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. இன்னும் பல, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கிருந்த லயங்களையும் கோயில் மரத்தையும் ஆயாக்கொட்டகையையும் அவற்றில் வாழ்ந்தவரே வரைந்து வைத்த ஏடுகள் எத்தனை? புகைப்படங்களில் பெரும்பாலும் திருமணமும் திருவிழாவும் உண்டு. விடியற்காலை நான்கு மணி இல்லை.

"எனக்கு வரையத் தெரியாதே" என்பது எவரும் கூறும் முதல் விடை. ஜெனீவா நகரில் பள்ளி நடத்திய ஆசிரியர் ரொடால்ஃப் தோப்ஃபருக்குக் கண்பார்வைக் குறைபாடு இருந்தது. அதனால் ஓவியராகும் விருப்பத்தைக் கைவிட்ட அவர், பொழுதுபோக்காக 1827ஆம் ஆண்டு முதல் விளையாட்டுக் கோடுகளால் கதை சொல்லத் தொடங்கினார். இன்றைய படக்கதையின் முன்னோடி என அறிஞர் பலர் அவரையே சுட்டுகின்றனர். ஒரு முகத்தை எத்துணை மோசமாக வரைந்தாலும் அது ஏதேனும் ஓர் உணர்ச்சியைக் காட்டியே தீரும் என்பது அவர் கண்ட உண்மை. ஐயமுள்ளவர் ஒரு வட்டம் போட்டு இரு புள்ளிகளும் ஒரு கோடும் இட்டுப் பார்க்கலாம். புருவங்களின் உள்முனையைக் கீழே சாய்த்தால் சினம். மேலே தூக்கினால் கவலை. லாட் தம் மாந்தர் பலரின் மூக்கை மூன்று வளைவுகளாகவே வரைகிறார். அதை எவரும் பிழை என்பதில்லை. லாட்டின் மூக்கு என்றே அறிகின்றனர்.

கருவிகளைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை. பென்சில், அழிப்பான், அடிக்கோல், கறுப்புப் பேனா ஆகியன போதும். மளிகைக் கடையில் கொடுத்த பழைய நாட்காட்டியின் பின்புறம் நல்ல தாள். முதலில் பென்சிலால் மெல்ல வரைந்து, பின் பேனாவால் ஊன்றி, மை உலர்ந்தபின் பென்சில் கோடுகளை அழித்துவிடலாம். மை உலருமுன் அழித்தால் படம் முழுதும் கரியாகும். அச்சிட நினைப்போர், அச்சில் வேண்டும் அளவைப் போல் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவர். சுருங்கும்போது கையின் நடுக்கம் மறையும்.

இனி, கதை. முதல் முயற்சிக்கு நான்கு கட்டங்களும் ஒரே நாளும் போதும். பால்மரம் வெட்டும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். முதற்கட்டத்தில் இருள். நெற்றிவிளக்கின் ஒளியில் அவர் லயத்தை விட்டுப் புறப்படுகிறார். உறங்கும் பிள்ளை தோளில் கிடக்கிறது. பின்புலம் முழுவதையும் கறுப்பாக நிரப்பி விளக்கின் முன்னால் மட்டும் வெள்ளை விட்டால் இருள் தானே வந்துவிடும். இரண்டாம் கட்டத்தில் அவர் மரத்தின் முன் குனிந்து நிற்கிறார். மங்கில் பால் சொட்டுகிறது. மூன்றாம் கட்டத்தில் ஆளே வேண்டாம். மங்கை மட்டும் பெரிதாக வரைந்து, அதனருகே ஒரேயொரு மழைத்துளி விழுவதைக் காட்டினால் போதும். நான்காம் கட்டம் லயத்து வாசல். காலி வாளி கவிழ்ந்து கிடக்கிறது. அவர் கடைப் பற்றுப் புத்தகத்தை விரித்தவாறு அமர்ந்திருக்கிறார். காண் ஓரத்தில் பிள்ளை காகிதக் கப்பல் விட்டுச் சிரிக்கிறது.

இக்கதையில் ஒரு சொல்கூட இல்லை. ஆயினும் பட்டை நனைந்தால் பால் வெட்டுவழியே ஓடாமல் மரமெங்கும் பரவிவிடும் என்பதும், மங்கில் மழைநீர் கலந்தால் பால் கெடும் என்பதும், அன்றைய உழைப்பு கைக்கு வராமற்போகும் என்பதும் நம்மவர்க்கு விளங்கிவிடுகின்றன. எழுத்தறியாத பாட்டியும் இதனைப் படிப்பார். மூன்றாம் கட்டத்திற்கும் நான்காம் கட்டத்திற்கும் இடையே அவர் ஓடியதையும் நனைந்ததையும் நாம் வரையவில்லை. படிப்பவர் தம் மனத்திலேயே அதனை வரைந்துகொள்கிறார். எல்லாவற்றையும் வரைந்து தீர்க்க முயல்வதே தொடக்கத்தில் பலரைச் சோர்வடையச் செய்கிறது.

அப்பெண்மணி நான்கு கட்டங்களிலும் ஒரே ஆள் எனத் தெரிய வேண்டும். முகம் ஒத்து வராவிட்டாலும் கவலை இல்லை. தலையில் கட்டிய துண்டையோ நீளக்கைச் சட்டையையோ அடையாளமாகத் தவறாது வரைந்தால் போதும்.

மரத்தை வரைவதில் நம்மவர்க்கு ஒரு சிறப்புண்டு. மரத்தை எதிர்நோக்கி நிற்பவர்க்கு வெட்டுக்கோடு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரியும். பட்டைக்குள் பால்நாளங்கள் எதிர்ப்புறமாகச் சாய்ந்து ஏறுவதால் இவ்வாறு வெட்டினாலே மிகுதியான நாளங்கள் அறுபடும். தோட்டம் காணாத ஓவியர் இச்சரிவை எளிதில் மாற்றி வரைந்துவிடுவார். பல்லாண்டு நிரை பிடித்த கை அவ்வாறு தவறாது. காண்டாவாளி சுமப்பவரின் தோள் எந்தப் பக்கம் தாழும் என்பதை அறிய நமக்குப் பாடநூலும் தேவையில்லை.

பேச்சு இன்றியமையாத இடத்தில் முதலில் சொற்களை எழுதி, அதன்பின் அவற்றைச் சுற்றிக் குமிழி வரைய வேண்டும். குமிழியை முன்னதாக வரைந்தவர், கடைசிச் சொல்லை நெருக்கி நசுக்கி எழுதித் தவிப்பார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நம் எழுத்துகளில் மேலே விசிறியும் கீழே கொக்கியும் உண்டு. எனவே வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுதல் வேண்டும். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்தினால் குமிழிகள் ஒன்றையொன்று குறுக்கிடா. குமிழியின் வால் பேசுபவரின் வாயை நோக்க வேண்டும்.

குமிழிக்குள் வருவது பேச்சுத்தமிழாகவே இருக்கட்டும். "மழ வருது மாமா, வாளிய தூக்குங்க!" என்றுதான் தீம்பாரில் ஒருவர் கூவுவார். இக்கட்டுரையின் நடையில் பேசும் கங்காணியை எத்தோட்டத்திலும் நாம் கண்டதில்லை. மொழித்தூய்மையில் பற்றுள்ள ஆசிரியப் பெருமக்கள் இதற்கு முகம் சுளிக்கலாம். பள்ளிக் கட்டுரையில் நாமும் அவர்கள் பக்கமே, படக்கதையில் அல்ல.

உண்மையான ஒருவரைக் கேலி செய்து வரைவதானால், வெளியிடுமுன் அவரிடமே காட்டிவிடுவது நன்று. ஒரே லயத்தில் வாழ்வோர்க்கு இது மிகவும் தேவை.

வரைந்து முடித்த தாள்களைச் சுருட்டி வைத்தலாகாது. லயத்துச் சுவரின் ஈரமும் கரையானும் தாளுக்குப் பகை. பிஸ்கட் டின்னின் அளவுக்கே தாளை வெட்டி வரைந்தால், மடிக்காமல் அடுக்கி மூடி வைக்கலாம். ஒவ்வொரு தாளின் பின்னும் தோட்டத்தின் பெயர், பிரிவு, வரைந்த தேதி ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வைக்க வேண்டும். பேனா மை காலப்போக்கில் முன்புறம் ஊறிவிடக்கூடும்.