ஒரே நோய்க்கு ஏன் வெவ்வேறு மருந்து?

மார்பகப் புற்றுநோய்க்காக ஒரே வைத்தியசாலைக்குச் செல்லும் இரு பெண்மணிகளில் ஒருவருக்கு நாளத்தின் வழியாக மருந்து ஏற்றப்படுகிறது. மற்றவருக்கோ சத்திர சிகிச்சையின் பின் தினம் ஒரு மாத்திரை மட்டுமே கொடுக்கப்படுகிறது. இதனைக் காணும் உறவினர், "அவருக்கு உயர்ந்த மருந்து, எங்களுக்குத் தாழ்ந்த மருந்தோ?" என ஐயுறுதல் இயல்பே. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவாகையால், மருந்து தெரிவு செய்யப்படும் முறையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று.

கட்டியை வெட்டி அகற்றிய பின் மருந்து எதற்கு? கண்ணுக்குப் புலனாகாத புற்றுக் கலங்கள் உடலில் எங்கேனும் தங்கியிருந்து, காலப்போக்கில் மீண்டும் தலைதூக்கக்கூடும். இத்தாலி நாட்டு மிலான் நகரில், டாக்டர் ஜியானி பொனடோனா என்பார் 1973ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் நோய் பரவியிருந்த பெண்களுள் 207 பேருக்குச் சைக்ளோபொஸ்பமைட், மெதொட்ரெக்ஸேற், புளூரோயுராசில் என்னும் மூன்று மருந்துகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. 179 பேருக்குச் சத்திர சிகிச்சை மட்டும் செய்யப்பட்டது. 1976இல் வெளியான முடிவு வைத்திய உலகை வியப்பில் ஆழ்த்தியது. மருந்து பெறாதவருள் நூற்றுக்கு 24 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கே திரும்பியது.

பின்னர் வேறு மருந்துகளும் வந்து சேர்ந்தன. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து டொக்சோரூபிசினும், பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து பக்லிற்றக்செலும் கிடைத்தன.

தெரிவு செய்வது எவ்வாறு?

கட்டியின் துணுக்கொன்று ஆய்வுகூடத்திற் சோதிக்கப்படுகிறது. பெண்மைக்குரிய ஓமோன்களை ஏற்கும் வாங்கிகள் அக்கலங்களில் இருப்பின், தமொக்சிபென் போன்ற மாத்திரைகள் பெரும் பயன் தரும். ஹேர்-2 என்னும் புரதம் மிகுந்திருப்பின், 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற திரஸ்துசுமாப் என்னும் மருந்து பொருந்தும். இவ்விரண்டும் அற்ற நோய்க்கோ, கலங்களை அழிக்கும் மருந்துகளே முதன்மையான துணை. கட்டியின் பருமன், கணுக்களின் நிலை, வயது, இருதயம், ஈரல், சிறுநீரகம் என்பனவும் நோக்கப்படும்.

எல்லோருக்கும் கடும் மருந்து வேண்டுவதில்லை என்பதும் இன்று தெளிவாகியுள்ளது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. ஓமோன் வாங்கிகள் உள்ள, ஹேர்-2 மிகாத, கணுக்களுக்குப் பரவாத நோயுடையாருள், சிறப்பாக ஐம்பது வயதைக் கடந்தவருள், பெரும்பாலோர் மாத்திரையுடனேயே நலம் பெறலாம் என அது காட்டிற்று. ஆகவே மாத்திரை மட்டும் பெறுதல் புறக்கணிப்பன்று. வேண்டாத துன்பத்தைத் தவிர்த்தலேயாம்.

அளவும் ஒழுங்கும்

உயரத்தையும் நிறையையும் கொண்டு உடலின் மேற்பரப்பைக் கணித்தே அளவு வகுக்கப்படுகிறது. டொக்சோரூபிசின் சதுர மீற்றருக்கு 60 மில்லிகிராம் வீதம் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றப்படுவது வழக்கம். அது இருதயத்தைத் தாக்கக்கூடுமாகையால், வாழ்நாள் முழுவதற்கும் ஓர் எல்லை உண்டு. இம்மருந்துகள் குருதியின் வெண்கலங்களையும் குறைத்துவிடும்; ஒவ்வொரு முறையும் குருதியைச் சோதிப்பது அதனாலேயே.

முடி உதிர்கிறது, குமட்டுகிறது என்று இடையில் நிறுத்துவதே பெருங்கேடு. வகுத்த அளவில் நூற்றுக்கு 85 பங்காவது பெற்றவர்களே மிகுந்த பயன் அடைந்தனரென்றும், 65 பங்கிலுங் குறைவாகப் பெற்றவர்கள் மருந்தே பெறாதவரிலும் மேம்படவில்லையென்றும் 1981இல் பொனடோனா குழுவினர் எழுதினர். உதிர்ந்த முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். குமட்டலுக்கும் நல்ல மருந்துகள் உள. ஆனால் காய்ச்சல் கண்டால் மட்டும் ஒரு நாளேனும் தாமதியாது வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.

மகரகமையிலும் தெல்லிப்பழையிலும் அரசினர் வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. அயல் வீட்டாரின் மருந்தோடு ஒப்பிட்டு மனம் வருந்துவதை விடுத்து, "எனது நோய் எவ்வகையினது? இம்மருந்து எதற்காக?" என்று வைத்தியரிடமே கேட்டறிந்து, குறித்த நாளில் தவறாது சென்று சிகிச்சையை முடித்தலே அறிவுடைமையாகும்.