கொழுந்தும் மருந்தும்

நுவரெலியா, ஹட்டன் மலைச்சாரல்களில் பனி விலகுமுன்னரே கொழுந்து கொய்யும் கரங்கள் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. அக்கொழுந்தில் புற்றுநோயை அழிக்கவல்ல பொருள் ஒன்று உண்டென்னும் பேச்சு இன்று எங்கும் பரவியுள்ளது. அது முற்றும் பொய்யன்று. ஆயினும், வைத்தியசாலையில் மருந்து ஏற்றப்பெறும் நோயாளி அப்பேச்சை நம்பித் தாமாகவே ஒன்றை உட்கொள்ளத் தொடங்கினால் விளைவு யாதாகும்?

செடியிலிருந்து புற்றுநோய் மருந்து பிறத்தல் புதுமையன்று. கோயில் வளவுகளில் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதார் யார்? யமேக்கா நாட்டில் அதன் இலையை நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடித்துவந்தனர். 1952ஆம் ஆண்டில் அவ்விலைகள் சில கனடாவுக்கு அனுப்பப்பட்டன. றொபேட் நோபிள் என்னும் அறிஞர் அதன் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். எதிர்பார்த்தவாறு சர்க்கரை குறையவில்லை; வெண்குருதிக் கலங்களே குறைந்தன. வெண்கலங்கள் கட்டின்றிப் பெருகுவதன்றோ இரத்தப் புற்றுநோய்! இவ்வழியே சென்று, 1958இல் நோபிளும் சார்ள்ஸ் பியர் என்பாரும் வின்பிளாஸ்டின் என்னும் மருந்தை உலகுக்கு அறிவித்தனர். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டினும் பின்னர்க் கிடைத்தது. கலம் இரண்டாகப் பிரியும்போது தோன்றும் நுண்ணிழைகளை இவை உருவாகவொட்டாது தடுக்கின்றன. பிரிய இயலாத கலம் மாண்டுபோகின்றது.

வின்கிறிஸ்டினின் முழுப்பயன் கூட்டிலேதான் வெளிப்பட்டது. 1960களில் வைத்தியர்கள் அதனை வேறு மருந்துகளோடு சேர்த்து, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு வழங்கினர். ஒன்றுக்குத் தப்பிய கலம் மற்றொன்றுக்கு அகப்பட்டது. மேலும், பல மருந்துகள் என்பு மச்சையை வாட்டுவன. வின்கிறிஸ்டினோ பெரும்பாலும் நரம்பையே வருத்துவது. ஒரே உறுப்பு இரு அடிகளையும் தாங்க நேரவில்லை. இக்கூட்டு வீட்டடுப்பில் அமைவதன்று. பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் அளவே பிரித்தெடுக்கப்பட்டு, உடலின் அளவுக்கேற்ப மில்லிகிராம் கணக்கில் நாளத்தில் ஏற்றப்படுகின்றது. அவ்விலையைக் காய்ச்சிக் குடிப்போர் தமக்குத் தேவையான அளவையும் பெறார். அதனுள் உள்ள வேறு பல நச்சுப் பொருள்களையும் விலக்கார்.

இனித் தேயிலைக்கு வருவோம். பசுங்கொழுந்தில் கட்டெக்கின் என்னும் பொருள்கள் மிகுதி. அவற்றுள் தலையாயது ஈ.ஜீ.சீ.ஜீ. எனச் சுருக்கி வழங்கப்படுவது. ஆய்வுகூடத்தில் அது புற்றுக் கலங்களைத் தளர்த்துவதைக் கண்டோர் பலர். என்பு மச்சையில் தோன்றும் மையலோமா என்னும் புற்றுநோய்க்குப் போர்டெசோமிப் என்றொரு மருந்து உண்டு. பழுதுற்ற புரதங்களைச் சிதைத்து அகற்றும் பொறி கலத்தினுள் உளது. அப்பொறியை இம்மருந்து அடைத்துவிடுகின்றது. குப்பை குவிந்து கலம் இறக்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்தால் பயன் பெருகும் என்றெண்ணித் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். 2009இல் வெளிவந்த முடிவு அவர்களையே திகைக்கவைத்தது. எலிகளில் மருந்து வேலை செய்யவேயில்லை. காரணம் எளிது. மருந்து அப்பொறியைப் பற்றுவது தன்னிடமுள்ள போரன் என்னும் மூலகத்தால். தேயிலைப் பொருள் முந்திக்கொண்டு அந்தப் போரனையே பற்றிக்கொள்கின்றது. விலங்கிடப்பட்ட மருந்து தன் இலக்கை எவ்வாறு அடையும்? போரன் இல்லாத மருந்துகளுக்கு இந்த இடர் இல்லை. ஆகவே தேயிலை எல்லாப் புற்றுநோய் மருந்துக்கும் பகை என்பதும் பிழையே.

மலைநாட்டார் அருந்தும் தேத்தண்ணியின் நிலை என்ன? கொழுந்தை வாட்டி உருட்டிக் காற்றுப்பட வைக்கும்போது கட்டெக்கின்களிற் பெரும்பகுதி ஒட்சிசனுடன் சேர்ந்து வேறு பொருள்களாகிவிடுகின்றது. தேநீரின் செந்நிறம் அதனாலேயே. எனவே கறுப்புத் தேயிலையில் ஈ.ஜீ.சீ.ஜீ. குறைவு. அஞ்சவேண்டியது பச்சைத் தேயிலையையும், அதன் சாற்றைச் செறிவாக்கி விற்கும் வில்லைகளையுமே.

மஹரகமையிலோ கண்டியிலோ சிகிச்சை பெற்றுத் தோட்டத்துக்குத் திரும்பும் ஒருவருக்கு, உறவினர் அன்பினால் கஷாயம் கொடுத்தல் இயல்பு. வைத்தியர் சினப்பார் என்றஞ்சி அதனை மறைத்தலும் இயல்பு. நோய் தணியாதபோது வைத்தியர் மருந்தின் மீது ஐயுறுவார். கஷாயத்தை அவர் எங்ஙனம் அறிவார்? ஒரே மூலிகைக்குத் தமிழில் ஒரு பெயர், சிங்களத்தில் வேறொரு பெயர். ஆதலின் பெயரைச் சொல்வதைவிட, அம்மூலிகையின் ஒரு கொத்தையோ வில்லைப் போத்தலையோ அடுத்த முறை கையிலேயே எடுத்துச்செல்லலாம்.