மருந்து உடம்புக்குள் போகும் வழி

ஒரே மருந்து மாத்திரையாகவும், சிரப்பாகவும், ஊசியாகவும், இன்ஹேலராகவும் கிடைப்பதுண்டு. அதில் எதை டாக்டர் சீட்டில் எழுதுகிறாரோ, அதற்கு ஒரு காரணம் இருக்கும். வீட்டில் நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

விழுங்கிய மாத்திரை கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே ஒரு பகுதி சிதைந்தது போக மீதியே உடம்புக்குக் கிடைக்கும். சில மருந்துகள் அங்கேயே பெரும்பாலும் வீணாகிவிடும். நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் மாத்திரை அப்படிப்பட்டது. அதனால்தான் அதை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள். அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் வழியாக ஓரிரு நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும். பதற்றத்தில் தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்துவிட்டால் வேகமும் போகும், வீரியமும் போகும். நோயாளியை உட்கார வைத்துக் கொடுங்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

வயதான உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ விழுங்க முடியவில்லை என்று மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் சகஜம். அன்பினால் செய்வதுதான். ஆனால் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று போட்டிருக்கும் மாத்திரைகள் பல மணி நேரம் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் ஒரு நாளைக்கான மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பிரஷர் மாத்திரையாக இருந்தால் ஆள் சுருண்டு விழலாம். வயிற்றுப்புண்ணுக்குத் தரும் பான்டோபிரசோல் மாத்திரையின் மேல்பூச்சோ, இரைப்பை அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பாற்றுவதற்காக இருப்பது. விழுங்க முடியாதவருக்குச் சிரப்போ வேறு மாத்திரையோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

"ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், சீக்கிரம் சரியாகட்டும்" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் மாத்திரையே போதும். வாந்தி நிற்காதவர், நினைவு இல்லாதவர், கடுமையான தொற்று உள்ளவர் போன்றவர்களுக்குத்தான் ஊசி தேவைப்படும். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பரவும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ரத்தோதேரோ என்ற ஊரில் 2019-இல் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. பாதுகாப்பற்ற ஊசிகளே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஊசி அவசியம்தான் என்றால், புதிய சிரிஞ்சை உங்கள் கண்முன் உறை பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியே கொடுத்தால் உணவைப் போலச் செரித்துவிடும். ஆகவே தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் போடுகிறார்கள். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கட்டிதட்டி, மருந்து சரியாக ஏறாது.

இன்ஹேலர் என்றால் "பழகிவிடும், விடவே முடியாது" என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து என்றால், இன்ஹேலரில் ஓர் அழுத்தலுக்கு 0.1 மில்லிகிராம்தான். நேராக நுரையீரலுக்கே போவதால் நாற்பதில் ஒரு பங்கு போதுமானதாகிறது. மாத்திரையால் வரும் கைநடுக்கமும் படபடப்பும் இதில் குறைவு. ஸ்டீராய்டு இன்ஹேலராக இருந்தால் மட்டும் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

ரமலானில் பகல் நேர மாத்திரையைத் தாமாகவே சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. இன்சுலினையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. எந்த வழியில் செல்லும் மருந்து நோன்பை முறிக்கும் என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். எதை நிறுத்தலாம், எதை நேரம் மாற்றலாம் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. நோன்புக்கு ஒரு மாதம் முன்பே எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனால், ஒருவேளை மாத்திரைக்கு மாற்றித்தர முடியுமா என்று அவர் பார்ப்பார்.