எழுத்துக்கு நீதிபதி யார்?

ஓசூர் பக்கம் பிறந்தவர் நடத்திய சின்னப் பத்திரிகை சொல்லும் பாடம்

ஓசூரில் தொழிற்சாலைகள் அதிகம். லாரி செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். கைக்கடிகாரம் செய்கிறார்கள்.

அங்கே ஒரு சிறு திருகாணியைக்கூடச் சும்மா விடமாட்டார்கள். கருவி வைத்து அளந்து பார்ப்பார்கள். ஒரு மயிரிழை கூடினாலும் தள்ளிவிடுவார்கள். குறைந்தாலும் தள்ளிவிடுவார்கள்.

திருகாணியை அளக்கக் கருவி இருக்கிறது. எழுத்தை அளக்க என்ன இருக்கிறது?

ஒருவர் தம் மனதில் பட்டதை எழுதுகிறார். தாமே பக்கம் அமைக்கிறார். தாமே ஊருக்குக் கொடுக்கிறார். அந்த எழுத்து நல்ல எழுத்தா? அந்தப் பக்கம் நல்ல பக்கமா? யார் தீர்ப்புச் சொல்வது?

“அதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம். நமக்கு என்ன தெரியும்?” என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

அப்படி ஒதுங்கவேண்டியது இல்லை. அதற்கு ஓசூர் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது!

தொரப்பள்ளியில் பிறந்தவர்

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலிக்கிற பூமி அது.

1878–ம் ஆண்டு டிசம்பர் 10–ந் தேதி அந்தக் கிராமத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை அந்த ஊர் முன்சீப்.

பையன் ஓசூர் பள்ளிக்கூடத்தில் படித்தார். பிறகு பெங்களூரிலும் சென்னையிலும் படித்தார். சேலத்தில் வக்கீல் ஆனார். பிற்காலத்தில், 1948–ம் ஆண்டில், இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார்.

அவர்தான் ராஜாஜி!

அவருடைய அரசியல் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு சின்னப் பத்திரிகை நடத்திய கதை பலருக்குத் தெரியாது. அந்தப் பத்திரிகையின் பெயர் ‘விமோசனம்’.

கள்ளுக்கடையும் காலிப் பானையும்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் என்ற ஊர் இருக்கிறது. 1925–ம் ஆண்டில் அங்கே ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். குடிசையில் தங்கினார். சுற்று வட்டாரத்து ஏழைகளுக்குக் கைராட்டையில் நூல் நூற்கும் வேலை கிடைத்தது.

வேலை கிடைத்தால் போதுமா? கிடைத்த கூலி வீட்டுக்குப் போகவேண்டாமா?

கூலி கள்ளுக்கடைக்குப் போனால், வீட்டில் பானை காலி. மனைவி கண்ணீர் விடுவாள். குழந்தைகள் பட்டினி கிடக்கும். இந்த அவலத்தை ஒழிக்கவேண்டும் என்று ராஜாஜி நினைத்தார். அதற்காகவே 1929–ம் ஆண்டில் ‘விமோசனம்’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார்.

ஆசிரியர் ராஜாஜி. அவருக்குத் துணையாக இருந்தவர் ஓர் இளைஞர். பெயர் ரா. கிருஷ்ணமூர்த்தி. பிற்காலத்தில் ‘பொன்னியின் செல்வன்’ எழுதினாரே, அதே கல்கிதான்!

இரண்டு பேரும் எழுத்தில் வல்லவர்கள். ஆனாலும் அவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய மலை நின்றது.

அது என்ன?

படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு பத்திரிகை

1931–ம் ஆண்டில் மக்கள் கணக்கு எடுத்தார்கள். அப்போது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை!

குடிக்கிறவருக்குப் படிக்கத் தெரியாது. அழுகிற மனைவிக்கும் படிக்கத் தெரியாது. அவர்களுக்காகத்தான் பத்திரிகை!

அப்படியானால் அந்தப் பத்திரிகையை எப்படி எழுதவேண்டும்?

படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். புரிந்தால் உட்கார்ந்திருப்பார்கள். புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். போகிறவரைத் தடுத்து, “இது உயர்ந்த எழுத்து, உட்காரும்!” என்று சொல்ல முடியுமா?

எழுதியவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் சரி. அங்கே நீதிபதி, தரையில் உட்கார்ந்து கேட்கிறவர்தான்.

‘விமோசனம்’ பத்து இதழ்கள் வெளிவந்தது. அதோடு நின்றது. ஆனால் அந்த எண்ணம் நிற்கவில்லை.

1937–ம் ஆண்டில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். அந்த ஆண்டு அக்டோபர் 1–ந் தேதி முதன் முதலாக மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. எந்த ஜில்லாவில் தெரியுமா? சேலம் ஜில்லாவில்!

அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. 1965–ல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004–ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது.

மதுவிலக்குச் சட்டம் பிறகு பல முறை மாறிவிட்டது. அது வேறு கதை. ஒரு சின்னப் பத்திரிகையால் மட்டும் சட்டம் வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்திரிகையை நினைத்தால் எழுத்தை அளக்கும் வழி தெரிகிறது. மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன.

முதல் அளவுகோல்: காது

எழுதியதை உரக்கப் படியுங்கள். நடுவில் மூச்சு வாங்குகிறதா? வாக்கியம் நீளம். கேட்கிற பாட்டி, “என்ன சொன்னே? இன்னொரு தரம் படி” என்கிறாளா? எழுதியவர் மேல்தான் குற்றம்.

இதோ ஓர் உதாரணம்.

“மதுப்பழக்கத்தின் காரணமாகக் குடும்பத்தின் பொருளாதார நிலை சீர்குலைவுக்கு உள்ளாகிறது.”

இப்படியும் எழுதலாம். வேறு விதமாகவும் எழுதலாம்.

“சனிக்கிழமை சம்பளம் வாங்கினான். நேரே கள்ளுக்கடைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.”

எது மனதில் நிற்கிறது? தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

எளிமையாக எழுதினால் சரக்கு குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். ராஜாஜி ரசாயன சாஸ்திரத்தையே தமிழில் எழுதினார். அந்தப் புத்தகத்தின் பெயர் ‘திண்ணை ரசாயனம்’. கல்லூரியில் இருந்த சாஸ்திரத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார்! அவர் எழுதிய ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலுக்கு 1958–ம் ஆண்டில் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. எளிய தமிழுக்குப் பெரிய பரிசும் கிடைக்கும்!

இரண்டாவது அளவுகோல்: கண்

கைக்கடிகாரத்தின் முகத்தைப் பாருங்கள். தங்க முலாம் பூசலாம். கல் பதிக்கலாம். ஆனால் மணி தெரியாவிட்டால் அது கடிகாரமா? அது வளையல்தான்!

பக்கமும் அப்படித்தான். பக்கத்தின் அழகு எதற்காக? படிக்கிறவர் கண் தடுக்காமல் போவதற்காக.

ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற பாதையில் அத்திப்பள்ளி வந்தால் கர்நாடகம் தொடங்கிவிடும். பலகைகளில் எழுத்து மாறிவிடும். வேலைக்குப் போகிறவர் தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார்க்கிறார். அந்த எழுத்து அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நம்பர் பெரிதாக இருந்தால் பிடித்துக்கொள்வார். பலகை நிறையப் பூவும் கொடியும் வரைந்திருந்தால் பஸ் போய்விடும்!

நம் பெரியவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். திருவிழாக்களில் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள் விற்பார்களே, நினைவு இருக்கிறதா? பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை என்று அட்டையிலேயே போட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும், கண் மங்கிய தாத்தாவுக்கும் அந்தப் பெரிய எழுத்து ஒரு கைத்தடி.

பாரதியார் இன்னொரு வழி கண்டார். 1906–ம் ஆண்டில் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் கேலிச் சித்திரங்கள் போட்டார். படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். சித்திரம் அங்கே வெறும் ஜோடனை அல்ல. அதுவும் செய்தி சொன்னது.

ஆகவே ஒரு பக்கத்தைப் பார்த்தால் இப்படிக் கேளுங்கள்: தலைப்பு எது என்று உடனே தெரிகிறதா? எழுத்து கண்ணை உறுத்தாமல் இருக்கிறதா? வரிகளுக்கு நடுவே இடம் விட்டிருக்கிறதா? படம் எதையாவது சொல்கிறதா, அல்லது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதா?

மூன்றாவது அளவுகோல்: உண்மை

காதுக்கு இனிமை. கண்ணுக்கு அழகு. இரண்டும் இருந்தும் ஓர் எழுத்து பொய்யாக இருக்கலாம். அதனால் மூன்றாவது அளவுகோல்தான் முக்கியம்.

1921–ம் ஆண்டு டிசம்பரில் ராஜாஜி கைதானார். மூன்று மாதம் வேலூர் சிறையில் இருந்தார். அங்கே நாட்குறிப்பு எழுதினார்.

சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர் என்ன எழுதுவார்? “சுயராஜ்யம் வந்தால் பாலும் தேனும் ஓடும்” என்று எழுதுவார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

ராஜாஜி அப்படி எழுதவில்லை!

சுயராஜ்யம் வந்ததும் நல்லாட்சி வந்துவிடாது என்று எழுதினார். தேர்தலில் ஊழல் வரும், பணக்காரர் ஆதிக்கம் வரும், நிர்வாகம் கெடும் என்று எழுதினார். சுதந்திரம் வருவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே, சிறைக்குள் உட்கார்ந்து, தம் கட்சிக்காரர்களுக்கே கசப்பாக இருக்கக்கூடியதை எழுதினார். மக்களின் படிப்பையும் ஒழுக்கத்தையும் வளர்ப்பதுதான் வழி என்பது அவர் நம்பிக்கை.

ஒருவர் தாம் கண்டதை எழுதுகிறாரா, மற்றவர் கைதட்டுவதற்காக எழுதுகிறாரா? இதுதான் கேள்வி.

ராஜாஜியின் கருத்துக்களை எதிர்த்தவர்கள் ஏராளம். 1938–ல் பள்ளியில் இந்தியைக் கொண்டுவந்தார். 1953–ல் புதிய கல்வித் திட்டம் கொண்டுவந்தார். இரண்டு முறையும் பெரிய கிளர்ச்சி நடந்தது. கருத்தை எதிர்ப்பது வேறு. எழுத்தை எடைபோடுவது வேறு. நல்ல எழுத்தாக இருந்தால், எதிர்க்கிறவருக்கும் தாம் எதை எதிர்க்கிறோம் என்பது தெளிவாகத் தெரியும்.

எல்லாருக்கும் ஒரே நீதிபதியா?

இங்கே ஒரு சந்தேகம் வரும். எல்லா எழுத்தும் எல்லாருக்கும் புரிந்தாகவேண்டுமா?

வேண்டியதில்லை.

சி. சு. செல்லப்பா என்ற எழுத்தாளர் 1959–ம் ஆண்டு ஜனவரியில் ‘எழுத்து’ என்ற பத்திரிகை தொடங்கினார். அது இலக்கியத்தை ஆராயும் பத்திரிகை. இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கையில் இருந்த பணம் கரைந்தது. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். அப்படியும் 119 இதழ்கள் கொண்டுவந்தார். தமிழில் புதுக்கவிதை வேரூன்ற அந்தப் பத்திரிகை உதவியது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்திலிருந்தும் ‘புது எழுத்து’ என்ற சிறுபத்திரிகை வந்தது. அதற்கும் தனி வாசகர்கள் உண்டு.

யாருக்காக எழுதினார்களோ, அவர்கள்தான் நீதிபதி. இலக்கியம் பயில்கிறவருக்கு எழுதியதை அவர்கள் அளக்கட்டும். குடும்பத்துக்கு எழுதியதைக் குடும்பம் அளக்கட்டும். கூலிக்காரருக்கு எழுதியதைக் கூலிக்காரர் அளக்கட்டும்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது நம் நாட்டில் பழைய வழக்கம். மு. கருணாநிதி சிறுவனாக இருந்தபோது திருவாரூரில் ‘மாணவநேசன்’ என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். பிற்காலத்தில் அவர் தமிழ்நாட்டின் முதல்–அமைச்சர் ஆனார்!

உங்கள் பிள்ளையும் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வரலாம். “பேஷ், பேஷ்!” என்று சொல்லி முதுகில் தட்டி அனுப்பிவிடாதீர்கள். “இது என்ன கிறுக்கல்?” என்று தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம்.

பாட்டிக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது காதுப் பரீட்சை.

பக்கத்தை ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது கண் பரீட்சை.

“இதில் நீயே பார்த்தது எது? மற்றவர் சொன்னது எது?” என்று கேளுங்கள். அது உண்மைப் பரீட்சை.

மூன்றிலும் தேறினால் அது நல்ல எழுத்து. தேறாவிட்டால் எங்கே திருத்துவது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் பலர், ஏதாவது புரியாவிட்டால் வெட்கப்படுகிறார்கள். “நமக்குப் படிப்பு போதாது” என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மூடாதீர்கள்! இன்னொரு தரம் படியுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அப்போதும் புரியவில்லையா? உங்களுக்காக எழுதிய எழுத்து உங்களுக்குப் புரியவில்லை என்றால், தோற்றது அந்த எழுத்துதான்.

திருகாணியை அளக்கும் கருவி ஓசூர் தொழிற்சாலையில் இருக்கிறது. எழுத்தை அளக்கும் கருவி உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்துங்கள்!