வீட்டு சிஎன்சி ரவுட்டருக்கு 36 வோல்ட்

கணினியின் கட்டளைப்படி மூன்று திசைகளில் நகர்ந்து பலகையைச் செதுக்கும் இயந்திரமே சிஎன்சி ரவுட்டர். 1952இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனம் இந்த வகையின் முன்னோடியை இயக்கிக் காட்டியபோது, அதன் கட்டுப்பாட்டுக் கருவி வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பெரிய அலமாரியாக இருந்தது. இன்று ஓர் ஆர்டுயினோ மின்னணுப் பலகையும் 2009இல் வெளிவந்த ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருளும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. மூளைக்கு ஆகும் செலவு இப்படிக் குறைந்துவிட்டதால், வீட்டில் இயந்திரம் கட்டுபவரின் பணம் இப்போது மோட்டர்களுக்கும் அவற்றுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைக்கும்தான் போகிறது.

இந்த இயந்திரத்தின் அச்சுகளை நகர்த்துபவை ஸ்டெப்பர் மோட்டர்கள். பெரும்பாலானவை ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்துச் சுழல்கின்றன. 3 ஆம்பியர், 1 ஓம் என்று குறிக்கப்பட்ட மோட்டரைப் பிடித்து நிறுத்த 3 வோல்ட்டே போதும். அப்படியிருக்க 36 வோல்ட் எதற்கு? சுருளின் தூண்டல் மின்னோட்டத்தைச் சட்டென்று ஏறவிடுவதில்லை என்பதே காரணம். தூண்டல் 3 மில்லிஹென்றி என்றால், 12 வோல்ட்டில் மின்னோட்டம் 3 ஆம்பியரைத் தொட முக்கால் மில்லிவினாடிக்குக் குறையாது. 36 வோல்ட்டில் ஏறக்குறைய கால் மில்லிவினாடி போதும். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் மோட்டருக்கு ஒவ்வொரு படிக்கும் கிடைப்பது அரை மில்லிவினாடிதான். 12 வோல்ட்டில் மின்னோட்டம் முழுதாக ஏறும் முன்பே அடுத்த படிக்கான கட்டளை வந்துவிடும். மோட்டர் பலமிழந்து படி தவறும். தவறியதைக் கணினிக்குச் சொல்ல யாருமில்லை. செதுக்கல் கோணலாகிப் பலகை வீணான பிறகே அது கண்ணில் படும். பழைய கணினியின் 12 வோல்ட் பவர் சப்ளையை வைத்து ஓட்டிப் பார்த்து, இயந்திரமே சரியில்லை என்று கைவிட்டவர்கள் பார்க்கத் தவறியது இதைத்தான்.

மலிவான வழி மிகப் பழையது: ஒரு டிரான்ஸ்போமர், ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர், பெரிய கெப்பாசிட்டர்கள். 25 வோல்ட் ஏசியை ரெக்டிஃபயர் வழியாக அனுப்பினால் அதன் உச்சம் 35 வோல்ட். டயோடுகளில் இழப்பது போகச் சுமார் 33 வோல்ட் டிசி கிடைக்கும். ஒரே நேரத்தில் எல்லா மோட்டர்களும் முழு மின்னோட்டத்தை இழுப்பதில்லை. அதனால் 3 ஆம்பியர் மோட்டர்கள் மூன்றுக்கு 9 ஆம்பியர் தேவைப்படாது, 6 ஆம்பியர் போதும். டிரான்ஸ்போமர் 300 விஏ (வோல்ட் ஆம்பியர்) அளவில் இருக்க வேண்டும். கெப்பாசிட்டருக்கு மின்னோட்டம் தொடர்ச்சியாக அன்றி உச்சிகளாகப் பாய்வதால், டிசி வாட்டைக் கணக்கிட்டு 200 விஏ வாங்கினால் சுருள் சூடேறும்.

பீலித் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் ஓட்டம் குறையாது. கெப்பாசிட்டர் செய்வதும் அதைத்தான். அதன் அளவைக் கணக்கிட அமெரிக்க வழிகாட்டிகள் 80,000ஐ ஆம்பியரால் பெருக்கி வோல்ட்டால் வகுக்கச் சொல்கின்றன. அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான கணக்கு. இலங்கையில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரண்டு உச்சிகளுக்கு நடுவே 10 மில்லிவினாடி இடைவெளி வருகிறது. இங்கே 1,00,000 என்று வைத்துக்கொள்வதே சரி. 6 ஆம்பியருக்கும் 33 வோல்ட்டுக்கும் விடை 18,000 மைக்ரோஃபாரட் அளவில் வரும். 63 வோல்ட் தாங்கும் 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் போதும்.

இந்தக் கணக்குகள் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டில் நிற்கும் என்று கொண்டவை; அது எப்போதும் அப்படி நிற்பதில்லை. மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியான டயகமயின் மலைகளில் ஓடும் ஆக்ரா ஓயாவின் நீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, 2012இல் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையத்தை இயக்குகிறது. ஆனால் அந்த மின்சாரம் நாட்டின் பொது வலையமைப்புக்குள் போய், நீண்ட கம்பிகளைக் கடந்துதான் தோட்டத்துக்குத் திரும்புகிறது. சட்டப்படி 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டில் மாலை வேளையில் அதற்கும் கீழே இறங்குவது உண்டு. 210 வோல்ட்டுக்கு இறங்கினால் 33 வோல்ட் 30 ஆகும். செதுக்கும் வேகத்தைச் சற்றுக் குறைத்தால் அதைச் சமாளிக்கலாம். அதிகரிப்பதுதான் கெடுதல். மோட்டர்கள் சும்மா நிற்கும் வேளையில் மின்சாரம் 244 வோல்ட்டுக்கு ஏறினால், 25 வோல்ட் டிரான்ஸ்போமரின் டிசி 39 வரை போகும். 42 வோல்ட்டை எல்லையாகக் கொண்ட, மோட்டரை இயக்கும் டிபி6600 டிரைவர் அதைத் தாங்கிக்கொள்ளும். வேகத்துக்கு ஆசைப்பட்டு 30 வோல்ட் டிரான்ஸ்போமரைப் போட்டால் டிசி 47ஐ எட்டி, டிரைவர் எரிந்துவிடக்கூடும்.

டிரான்ஸ்போமருக்கு மாற்றாக, 36 வோல்ட் 10 ஆம்பியர் சுவிட்சிங் பவர் சப்ளைகள் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பாரமும் குறைவு, உள்வரும் மின்சாரம் ஏறி இறங்கினாலும் வெளியே வருவது மாறாது. சிலவற்றின் பக்கத்தில் 110, 220 என்று மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும். அது 220இல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும். மோட்டர் சட்டென்று நிற்கும்போது திருப்பி அனுப்பும் மின்சாரத்தால் சில பெட்டிகள் தாமாகவே நின்றுவிடுவதும் உண்டு. பழுதான யூபிஎஸ்சின் டிரான்ஸ்போமர் மலிவாகக் கிடைத்தாலும், அது சில நிமிட ஓட்டத்துக்கென்றே செய்யப்பட்டது. மணிக்கணக்கில் ஓடும் இயந்திரத்துக்கு உதவாது. அதைவிட நல்ல இரும்புக் கருவைக் கொடுத்து மோட்டர் வைண்டிங் கடையில் 25 வோல்ட்டுக்குச் சுற்றி வாங்குவது மேல். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்போமரைத் தொடவே கூடாது. அதன் ஈராயிரம் வோல்ட் பலரைக் கொன்றிருக்கிறது.

செலவைக் குறைக்கக் கூடாத இடங்களும் உண்டு. 230 வோல்ட் பக்கத்தில் மெதுவாக உருகும் 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று, டிசி பக்கத்தில் 8 ஆம்பியர் பியூஸ் ஒன்று. ரெக்டிஃபயர் 10 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும். அதை அலுமினியத் தகட்டில் முடுக்க வேண்டும். சுவிட்சை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்தால் ஏறத்தாழ 40 வினாடிகளில் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அவசர நிறுத்த சுவிட்ச் பவர் சப்ளையோடு செதுக்கும் ரவுட்டரையும் சேர்த்து நிறுத்த வேண்டும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையகத்தில் இடி மின்னல் அதிகம். வானம் இருட்டும்போது பிளக்கைக் கழற்றி வைப்பதற்கு நிகரான பாதுகாப்பு எந்தக் கருவியிலும் இல்லை. இயந்திரத்தின் இரும்புச் சட்டமும் பவர் சப்ளையின் பெட்டியும் எர்த் கம்பியில் சேர்ந்திருக்க வேண்டும். தோட்டங்களில் வரிசையாகக் கட்டப்பட்ட பழைய லயன் காம்பராக்களில் எர்த் கம்பி சரியாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. அடுத்தடுத்த காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், ஒரு வீட்டின் மின்னொழுக்கு லயன் முழுவதையும் எரிக்கக்கூடும். ஆகவே மோட்டர் வாங்கும் முன்பே தகுதியுள்ள மின்பணியாளரைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்க்கவும், 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் வேண்டும். இரண்டும் சரியாகும்வரை இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம்.